தாயும் சேயும் நலம்தானா?



குழந்தை பிறந்ததும் ஊருக்கெல்லாம் நாம் சொல்லி அனுப்புகிற சேதி ஒன்றுதான்: "தாயும் சேயும் நலம்." அதற்குப் பிறகு வருகிறவர்கள் சேயைப் பற்றித்தான் கேட்பார்கள். பால் குடிக்கிறதா, எடை கூடுகிறதா, மூக்கு யாரைப் போல இருக்கிறது... தாயைப் பற்றி யார் கேட்கிறார்கள்? "அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா" என்பதோடு சரி.

இந்த முறை ஓர் அமெரிக்கப் பெண்ணின் கதையைச் சொல்லப் போகிறேன். சமையல், சீரகக் கஷாயம் என்று எழுதிக்கொண்டிருந்தவள் திடீரென்று கூடைப்பந்துக்குத் தாவிவிட்டாளே என்று நினைக்காதீர்கள். கடைசி வரை படித்தால், நம் வீட்டு அடுக்களைக்கும் அந்தப் பந்துக்கும் என்ன உறவு என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

அந்தப் பெண்ணின் பெயர் ஸ்கைலர் டிகின்ஸ். 1990-ஆம் வருஷம் ஆகஸ்ட் 2-ஆம் தேதி, இண்டியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் என்ற ஊரில் பிறந்தவர். நம் பக்கத்தில் தெருவுக்குத் தெரு கிரிக்கெட் ஆடுகிற மாதிரி, இண்டியானாவில் கூடைப்பந்துதான் எல்லாம். வளர்ப்புத் தந்தைதான் சின்ன வயதில் அவருக்குப் பந்தாடச் சொல்லிக் கொடுத்தவர். உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். "அடேயப்பா!" என்கிறீர்களா? அந்த ஆட்டத்தில் ஆறடி, ஆறரை அடிப் பெண்கள் எல்லாம் இருக்கிறார்கள். அவர்கள் நடுவே இவர் குள்ளம்தான்!

குள்ளமாக இருப்பவர்களுக்கு அங்கே ஒரு வேலை உண்டு. அதற்கு 'கார்டு' என்று பெயர். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடுவார்கள். அதில் பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் வருகிறவர் இவர். நம் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி மட்டும் எல்லா இலையையும் ஒரே பார்வையில் பார்த்து, "அங்கே சாம்பார், இந்த வரிசைக்கு அப்பளம், மூலையில் தாத்தாவுக்கு ரசம்" என்று சொல்லிக்கொண்டே நடப்பாள் இல்லையா? கார்டின் வேலையும் அதுதான். யார் எந்த இடத்தில் நிற்கிறார், யாரிடம் பந்து போனால் கூடையில் விழும் என்று கண்ணிமைக்கும் நேரத்தில் கணக்குப் போட்டு எறிய வேண்டும். அப்படி எறிந்து அடுத்தவர் கூடையில் போட்டுவிட்டால், எறிந்தவர் கணக்கில் ஓர் 'அஸிஸ்ட்' எழுதுவார்கள். பரிமாறுகிற கைக்கும் மார்க் போடுகிற ஆட்டம் இது!

ஸ்கைலர் படித்தது சொந்த ஊரை ஒட்டியிருக்கிற நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில். நாலு வருஷத்தில் 2,000 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார். 2011-லும் 2012-லும் அவருடைய அணி தேசியப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை போய், இரண்டு தடவையும் தோற்றது. அடுத்த வருஷம் அரை இறுதியில் தோல்வி. ஆனால் படிப்பை விடவில்லை. வணிக நிர்வாகத்தில் பட்டம் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார். ஆடுகிற கால் என்றைக்கு நிற்குமோ, கையில் ஒரு படிப்பு இருக்கட்டும் என்ற புத்தி நம் பெண்களுக்கும் வேண்டியதுதான்.

அமெரிக்காவில் பெண்களுக்கென்று தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பு ஒன்று இருக்கிறது. டபிள்யூ.என்.பி.ஏ. என்பார்கள். 1997-ல் ஆட்டங்கள் ஆரம்பமாயின. படிப்பை முடித்த பெண்களை ஒவ்வொரு அணியும் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும். 2013-ல் மூன்றாவதாக எடுக்கப்பட்டவர் ஸ்கைலர். சேர்ந்தது டல்சா ஷாக் என்ற அணியில்.

முதல் வருஷம் சரியாகவே போகவில்லை. ஓர் ஆட்டத்துக்கு சராசரி எட்டரைப் புள்ளி. புகுந்த வீட்டு அடுப்பு பிடிபடாமல் முதல் வருஷம் திணறுகிற புதுப்பெண் மாதிரிதான். இரண்டாம் வருஷம், 2014-ல், அதே பெண் சராசரி 20 புள்ளிக்கு மேல் எடுத்து, அந்த ஆண்டில் மிக அதிகமாக முன்னேறிய ஆட்டக்காரி என்ற விருதையும் வாங்கிவிட்டார். முதல் வருஷத்தை வைத்து யாரையும் எடை போடக்கூடாது என்பதற்கு இது ஒரு சாட்சி.

2015 ஜூனில் வந்தது முதல் சோதனை. ஆடிக்கொண்டிருக்கும்போதே வலது முழங்கால் விட்டுப் போனது. மூட்டுக்குள்ளே தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்கே கட்டிப் பிடித்திருக்கிற ஒரு தசைநார் உண்டு. அது அறுந்துவிட்டது. அந்த வருஷ ஆட்டம் அத்தோடு சரி. ஆபரேஷன், பிறகு மாதக்கணக்கில் பயிற்சி.

பெண் குழந்தைகளைப் பெற்றவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். ஓடித் திரும்பிக் குதிக்கிற ஆட்டங்களில் இந்த நார் அறுவது பையன்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். இடுப்பு அமைப்பு, தசைகளின் பலம், குதித்துக் கால் ஊன்றுகிற விதம் எல்லாம் காரணம் என்கிறார்கள். அதற்காகப் பெண்ணை ஆடவிடாமல் வீட்டில் உட்கார வைக்காதீர்கள். குதித்து இறங்கும்போது முழங்கால் இரண்டும் உள்பக்கமாக ஒன்றையொன்று பார்க்காமல், பாத விரலுக்கு நேராக மடங்க வேண்டும். தொடைத் தசைக்கும் இடுப்புத் தசைக்கும் பலம் ஏறுகிற பயிற்சி வேண்டும். பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியரிடம் இதைக் கேளுங்கள். ஆட்டத்துக்கு முன் சரியான பயிற்சி கொடுத்தால் இந்தக் காயம் வெகுவாகக் குறைகிறது.

ஸ்கைலர் 2016-ல் திரும்பி வந்தார். அதற்குள் அவருடைய அணி டல்சாவிலிருந்து டல்லாஸ் நகரத்துக்குக் குடிபெயர்ந்து, டல்லாஸ் விங்ஸ் என்று பெயரும் மாறியிருந்தது. 2017-ல் கல்யாணம். 2017, 2018 இரண்டு வருஷமும் நட்சத்திர ஆட்டக்காரிகளின் சிறப்பு ஆட்டத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இனிமேல்தான் நம்முடைய கதை வருகிறது.

2019-ல் அவருக்கு மகன் பிறந்தான். அந்த வருஷம் முழுக்க அவர் ஆடவில்லை. "குழந்தை பிறந்தால் ஓய்வெடுக்கத்தானே வேண்டும்" என்று நாம் நினைப்போம். அங்கேயோ, "ஏன் இன்னும் வரவில்லை? ஏன் தன் அணியோடு தலைகாட்டவில்லை?" என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. ஊர் வாய் எந்த ஊரானால் என்ன!

அக்டோபர் மாதம் அவர் வாயைத் திறந்தார். 2018-ல் ஆடிய ஆட்டமெல்லாம் வயிற்றில் பிள்ளையோடு ஆடியது என்றார். யாரிடமும் சொல்லவில்லை என்றார். பிள்ளை பெற்ற பிறகு தனக்கு மனச்சோர்வு நோய் வந்தது என்றும், இரண்டு மாதம் முழுக்க எல்லாவற்றையும் விட்டு விலகி இருக்க வேண்டியதாயிற்று என்றும், உடம்பாலும் மனசாலும் தேறி வருவதற்குத் தனக்குக் கிடைத்த உதவி கொஞ்சம்தான் என்றும் சொன்னார்.

யோசித்துப் பாருங்கள். பணம், பேர், புகழ் எல்லாம் உள்ள ஒரு பெண். நாடே கைதட்டுகிற பெண். அவளுக்கே இதைச் சொல்ல அத்தனை மாதம் ஆயிற்று என்றால், நாலு சுவருக்குள் இருக்கிற நம் பெண்கள் யாரிடம் சொல்வார்கள்?

ஒன்றை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பமாக இருக்கும்போது கூடைப்பந்து ஆடுங்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கர்ப்பம் நல்லபடியாக இருந்தால் நடை, இலேசான உடற்பயிற்சி எல்லாம் நல்லது. வாரத்தில் இரண்டரை மணி நேரமாவது மிதமான பயிற்சி இருக்கலாம் என்பதுதான் டாக்டர்களின் பொதுவான யோசனை. ஆனால் விழக்கூடிய, வயிற்றில் இடி படக்கூடிய ஆட்டங்களைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். ஸ்கைலர் வாழ்க்கையில் நாம் பார்க்க வேண்டியது அந்தத் துணிச்சலை அல்ல. அதைச் சொல்ல முடியாமல் அவர் மூடி வைத்தாரே, அதைத்தான்.

சரி, இந்த மனச்சோர்வு என்பது என்ன?

பிரசவமாகி மூன்றாம் நாள், நாலாம் நாள் காரணமில்லாமல் அழுகை வரும். யாராவது ஒரு வார்த்தை சொன்னால் பொல்லென்று கண்ணீர் கொட்டும். இது பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு வருவதுதான். நஞ்சுக்கொடி வெளியேறியதும் உடம்பில் ஊறிக்கொண்டிருந்த ஹார்மோன்கள் திடுதிப்பென்று இறங்கிவிடுகின்றன. தூக்கமும் கிடையாது. இந்த அழுகை இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும்.

அடங்கவில்லை என்றால் அது வேறு. இரண்டு வாரம் தாண்டியும் மனசு இருண்டே கிடக்கிறது. எதிலும் ஆசை இல்லை. குழந்தை தூங்கும்போதுகூடத் தனக்குத் தூக்கம் வரவில்லை. குழந்தையைப் பார்த்தால் பாசம் பொங்கவில்லையே என்று குற்ற உணர்ச்சி. "நான் நல்ல அம்மா இல்லை" என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது. இப்படி இருந்தால் அது பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வு நோய். பிறந்தவுடனேதான் வரும் என்றில்லை, முதல் வருஷத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பிள்ளை பெற்றவர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு இப்படி மன நோய், முக்கியமாக மனச்சோர்வு, வருகிறது. நம்மைப் போன்ற வளரும் நாடுகளில் இது நூற்றுக்கு இருபது பேர் வரை. அதாவது, உங்கள் தெருவில் ஐந்து வீட்டில் பிள்ளை பிறந்தால் ஒரு வீட்டில் இது இருக்கலாம்.

நம் வீடுகளில் இதற்கு என்ன பேர் சொல்கிறோம்? "திமிர்." "சோம்பேறித்தனம்." "புகுந்த வீடு பிடிக்கலை." "காத்துக் கறுப்பு பட்டிருக்கு." "நாங்க எல்லாம் பத்துப் பெத்தோம், இவ ஒண்ணைப் பெத்துட்டு அலுத்துக்கறா." அந்தப் பத்துப் பெற்றவர்களில் எத்தனை பேர் கொல்லைப்புறத்தில் தனியாக அழுதார்களோ, அதை யார் கணக்கெடுத்தார்கள்?

இது குணக்கேடு அல்ல. சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு மாதிரி இதுவும் ஒரு நோய். வைத்தியம் உண்டு. பேசித் தீர்க்கிற சிகிச்சை இருக்கிறது. மாத்திரை தேவைப்பட்டால், பால் கொடுக்கும்போதே சாப்பிடக்கூடிய மாத்திரைகளும் இருக்கின்றன. அதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். பக்கத்து வீட்டு மாத்திரையை வாங்கிப் போடவும் கூடாது, டாக்டர் கொடுத்ததை நாமாக நிறுத்தவும் கூடாது. சில சமயம் ரத்தசோகை, தைராய்டு கோளாறும் இதே மாதிரி அசத்தும். ஆகவே ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுவது நல்லது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். "செத்துப் போகலாம் போல இருக்கு", "குழந்தையை ஏதாவது பண்ணிடுவேனோன்னு பயமா இருக்கு" என்று ஒரு பெண் சொன்னால், அல்லது இல்லாத குரல் காதில் கேட்கிறது என்றால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவளைத் தனியே விடாமல் அப்போதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசாங்க மனநல உதவி எண் ஒன்றும் இருக்கிறது. கட்டணம் கிடையாது. தமிழிலும் பேசலாம். அடுக்களைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

இப்போது ஸ்கைலரிடம் திரும்புவோம்.

பிள்ளை பெற்றுவிட்டுத் திரும்பி வந்து ஆடியவர் இவர் ஒருவர் மட்டும் அல்ல. அந்த அமைப்பின் முதல் வருஷத்திலேயே, 1997 ஜூனில், ஷெரில் ஸ்வூப்ஸ் என்ற பிரபல ஆட்டக்காரி மகனைப் பெற்றார். ஆறு வாரத்தில் களத்துக்கு வந்துவிட்டார். 2009-ல் கேண்டஸ் பார்க்கர் மகளைப் பெற்று, இரண்டு மாதம்கூட ஆகாமல் ஆட வந்தார். பத்திரிகைகள் பாராட்டின. ஆனால் அந்தப் பாராட்டுக்கு அடியில் ஒரு கணக்கும் இருந்தது. அந்தக் காலத்து ஒப்பந்தப்படி, பிள்ளைப்பேற்றுக்காக ஆடாமல் இருந்தால் பாதிச் சம்பளம் வரைதான் உறுதி. பச்சை உடம்போடு ஓடி வந்ததற்கு ஆட்ட ஆசை மட்டுமே காரணம் என்று எப்படிச் சொல்வது?

ஸ்கைலர் வாய் திறந்த மூன்றே மாதத்தில், 2020 ஜனவரியில், ஆட்டக்காரிகள் சங்கத்துக்கும் அமைப்புக்கும் புது ஒப்பந்தம் முடிவாயிற்று. இவர் ஒருவர் பேசியதால் மட்டும் வந்தது என்று சொல்லமாட்டேன். பல வருஷமாகப் பல பெண்கள் கேட்டுக் கேட்டு வந்தது அது. என்னென்ன கிடைத்தது தெரியுமா? பிரசவ விடுப்பில் முழுச் சம்பளம். குழந்தை உள்ள ஆட்டக்காரிக்கு இரண்டு படுக்கை அறை உள்ள வீடு. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருஷத்துக்கு 5,000 டாலர். ஆட்ட அரங்குகளில் பால் கொடுக்கத் தனி இடம். குழந்தைப் பேற்றுக்கான சிகிச்சை, தத்தெடுப்பது போன்ற செலவுகளுக்கு, சில வருஷம் ஆடியவர்களுக்கு 60,000 டாலர் வரை. நட்சத்திரங்கள் என்று நாம் நினைக்கிறவர்களும் பால் கொடுக்க ஒரு மூலை வேண்டும் என்று கேட்டுத்தான் வாங்கியிருக்கிறார்கள், பாருங்கள்!

அதே 2020-ல் ஸ்கைலர் ஃபீனிக்ஸ் மெர்க்குரி அணிக்கு மாறினார். 2021-ல் கொரோனாவால் ஒரு வருஷம் தள்ளி நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியோடு தங்கப் பதக்கம் வாங்கினார். இரண்டு வயது மகனுக்கு அம்மா கழுத்தில் தங்கம்! அந்த வருஷமே அவருடைய அணி சாம்பியன் பட்டத்துக்கான இறுதிச் சுற்று வரை போய்த் தோற்றது. 2022-ல் மறுபடி உச்சத்துக்கு வந்து, அந்த ஆண்டின் தலைசிறந்த ஐந்து ஆட்டக்காரிகளில் ஒருவரானார். அந்த வருஷம் பிற்பகுதியில், இரண்டாவது குழந்தைக்குத் தயாராகிறேன் என்று அறிவித்தார்.

2023 முழுக்க ஆடவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. அணியின் பயிற்சிக்கூடம், உடற்பயிற்சி ஆலோசகர், ஊட்டச்சத்து நிபுணர் போன்ற வசதிகள் எதையும் பயன்படுத்தத் தனக்கு வழியில்லை என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். காகிதத்தில் வந்த உரிமை கைக்கு வருவதற்கு இன்னும் ஒரு தூரம் இருக்கிறது என்பது அந்த ஊரிலும் உண்மைதான் போலும்.

2024-ல் சியாட்டில் ஸ்டார்ம் அணி அவரை எடுத்துக்கொண்டது. வயது முப்பத்துமூன்று. இரண்டு குழந்தைகள். ஒன்றரை வருஷத்துக்கு மேல் களத்தில் இறங்கவில்லை. முதல் சில ஆட்டங்களில் கை பழக்கம் தவறியதுதான். போகப் போக பிடித்துக்கொண்டார். அந்த வருஷம் ஆட்டத்துக்கு சராசரி பதினைந்து புள்ளி, ஆறு அஸிஸ்ட்.

மறு வருஷம், 2025 ஜூலை 19-ஆம் தேதி. நட்சத்திர ஆட்டம் நடந்தது இண்டியானாபோலிஸ் நகரில், அவர் பிறந்த மாநிலத்தின் தலைநகரத்தில். இந்தச் சிறப்பு ஆட்டத்துக்கு அவர் தேர்வானது அது ஏழாவது தடவை. அன்று அவர் எடுத்தது 11 புள்ளி. கூடையில் விழாமல் திரும்பிய பந்தை எட்டிப் பிடித்தது 11 தடவை. பிறருக்குப் பரிமாறியது 15 தடவை. ஓர் ஆட்டத்தில் இந்த மூன்றிலும் பத்தைத் தொட்டால் அதை 'ட்ரிபிள் டபுள்' என்பார்கள். பெண்களின் நட்சத்திர ஆட்டத்தில் அதற்கு முன் ஒருவரும் அதைச் செய்ததில்லை. மூன்றில் எது அதிகம் என்று கவனித்தீர்களா? பரிமாறியதுதான்!

சரி, இந்தக் கதையிலிருந்து நம் வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன?

பிள்ளை பெற்றவள் எழுந்து நடமாடிவிட்டால் உடம்பு தேறிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆறு வாரத்தில் ஒரு தடவை டாக்டரிடம் காட்ட வேண்டும், குழந்தையை மட்டும் அல்ல, தாயையும். அடிவயிற்றுத் தசை பலம் பெறுகிற வரை தண்ணீர்க் குடம், கிரைண்டர் கல் இதையெல்லாம் தூக்க விடாதீர்கள். ஓட்டம், குதித்தல் போன்ற கடுமையான பயிற்சிக்கு மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது என்றால், "பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்று விடாதீர்கள். அதற்குப் பயிற்சி உண்டு, சொன்னால் கற்றுக்கொடுப்பார்கள்.

மாமியார்மார்களே, பத்திய லேகியம் கிளறிக் கொடுக்கிறீர்கள், நல்லதுதான். அத்தோடு நாளுக்கு நாலு மணி நேரம் தொடர்ச்சியான தூக்கத்தையும் கொடுங்கள். ஒரு வேளை குழந்தையை வாங்கிக்கொண்டு, "நீ போய்ப் படும்மா" என்று சொன்னால் போதும். எந்த லேகியமும் அதற்கு ஈடாகாது.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படும்படி மேஜை மேல் விரித்து வையுங்கள். சாயங்காலம் வந்ததும் தொட்டிலை எட்டிப் பார்ப்பதற்கு முன்னால், "உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்கட்டும். கேட்டுவிட்டு, பதில் வரும் வரை அங்கேயே நிற்கட்டும்.

இளம் தாய்மார்களே, உங்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று. முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், அக்காவிடம் சொல்லுங்கள், தடுப்பூசி போட வருகிற நர்ஸம்மாவிடமாவது சொல்லுங்கள். ஆயிரக்கணக்கான பேர் முன்னால் ஆடிய ஒருத்தி அதைச் சொன்னார். அவர் மதிப்பு ஒரு குந்துமணி அளவும் குறைந்துவிடவில்லை. உங்கள் மதிப்பும் குறையாது.

அடுத்த தடவை யார் வீட்டிலாவது பிள்ளை பிறந்ததென்று பார்க்கப் போனால், சோப்பு, பவுடர், சட்டையோடு அந்தக் கேள்வியையும் கொண்டு போங்கள். தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்:

"சேய் நலம் சரி. நீ நலமாம்மா?"